முகம் பார்த்த கற்கள்

ஓடைத் தண்ணீரில் ஓடிய மாவு ஆலை ஒன்று பல வருடங்களாக நின்று கிடந்தது. அதைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். அரைக்கும் கற்கள் இரண்டில் மேலே இருந்ததைத் தூக்கி, கீழே இருந்ததன் பக்கத்தில் மல்லாத்திப் போட்டார்கள். அன்றுதான் அவை ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தன.

"உன் முகம் ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது?" என்று மேல்கல் கேட்டது. "நான்தானே ஓயாமல் சுற்றினேன்? நீ படுத்துத் தூங்குகிறாய் என்றல்லவா நினைத்தேன்!"

"உன் முகமும் அப்படித்தான் இருக்கிறது," என்றது கீழ்கல். "நீ ஜாலியாகச் சுற்றுகிறாய் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன்."

அதற்குள் கல் கொத்துபவர் வந்து கீழ்கல்லைத் தட்டிப் பார்த்தார். "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கல் வைக்கலாமா?" என்றார். மேல்கல்லுக்குப் பதறியது. அவர் இன்னொரு முறை தட்டினார். கணீரென்றது.

"உள்ளே விரிசல் இல்லை. இதுவே போதும்," என்று சொல்லி, இரண்டையும் நன்றாகக் கொத்திக் கொடுத்தார்.

மேல்கல்லைத் திரும்ப ஏற்றி வைத்தார்கள். மதகைத் திறந்ததும் சக்கரம் சுழன்றது, கேழ்வரகு விழுந்தது.

மேல்கல் மெல்ல நகர்ந்தபடி, "நான் ரொம்பக் கனமா?" என்று கேட்டது.

"கனம்தான்," என்றது கீழ்கல். "நீ சுற்று."