மாடிக்குப் போன குரல்

காலையில் வேதம் கேட்காமல் டாக்ஸிக்காரருக்கு வண்டி கிளம்பாது. இன்றைக்குப் பார்த்துப் பைபிள் ஆப் ஊமையாகிவிட்டது. ஒலியை முழுசாக ஏற்றியும் போனிலிருந்து சத்தமே வரவில்லை.

“ஒரு ஏணிக்காக மாடிவீட்டுக்காரனோட தினம் மல்லுக்கட்டினா, வேதம் எங்கேருந்து கேட்கும்?” என்றாள் மனைவி.

“இரவல் வாங்கினவன் திருப்பித் தரணுமா இல்லையா?”

அப்போது படியில் தடதடவென்று சத்தம். மாடிவீட்டுக்காரன் ஏணியும் கையுமாக, பேயறைந்தவன் மாதிரி வாசலில் நின்றான்.

“மன்னிச்சிருங்கண்ணே! கடவுளே என்கிட்டப் பேசிட்டாரு! பக்கத்துல இருக்கிறவன்கிட்ட அன்பா இருன்னு ரூமே அதிர்ற மாதிரி சொன்னாரு!”

டாக்ஸிக்காரர் கண்கலங்கி அவனைக் கட்டிக்கொண்டார். அவன் துள்ளிக் குதித்து மேலே ஓடினான்.

அதற்குள் போனை நோண்டிய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாப்பா பிறந்தநாளுக்கு அவனோட ப்ளூடூத் ஸ்பீக்கரை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தோமே, நம்ம போன் இப்பவும் அதுலதான் பாடுது! பாவம், போய்ச் சொல்லிடுங்க.”

“இரு, இரு! நம்ம டிரில் மெஷினும் அவன்கிட்டதான் இருக்கு. முதல்ல அந்தத் ‘திருடாதே’ வர்ற அதிகாரத்தைப் போடு!”