ஆறாவது தடவை

படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார் எம்.எல்.ஏ.

"அண்ணே, வெளிய வாங்க! ஆறாவது தடவையும் நீங்கதான்!" தொண்டர்கள் கதவைத் தட்டினார்கள். ஜன்னலிலும் தலைகள்.

"பெட்டியெல்லாம் கட்டி வச்சோமே" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "ராஜினாமாக் கடிதத்தைத் தலைவர் மூணு தடவை கிழிச்சுட்டார். தோத்தாவது தப்பிக்கலாம்னு பார்த்தேன். எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

"ஒண்ணு."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "வீட்ல எல்லாரும் எதிர்க்கட்சிக்குப் போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீதானே பாசத்துல கவுத்துட்ட?"

"பிள்ளைங்க மேல சத்தியமா அவங்களுக்குத்தாங்க போட்டேன். மகனும் மருமகளும் அப்படித்தான்."

"அப்ப எவன் போட்டான் எனக்கு?"

"அது இருக்கட்டும். நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"என்ன கேள்வி இது? நான்..."

கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

வாக்குச்சாவடியில் யாரோ வைத்த வணக்கத்துக்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில், இருபத்தைந்து வருடப் பழக்கத்தில், விரல் தானாகவே அவருடைய சின்னத்தை அழுத்தியிருந்தது.