வேஷம் தைத்தவள்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிணமாக மிதந்த பெருமாள்ராஜ் கொலையான அன்று அவருடைய தொழில் கூட்டாளி மணிராஜ் எங்கே இருந்தான்? அதைத்தான் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பதில் சொன்னது மணிராஜின் மனைவி பொன்செல்வி. அந்த நாளை நினைத்ததுமே அவள் முகம் மலர்ந்தது.

“பாளையங்கோட்டையில காமிக்ஸ் ரசிகர் விழா சார். அங்க நடந்த வேஷப் போட்டிக்கு ஒரு மாசமா நான்தான் இவுகளுக்கு ராட்சசன் உடுப்பு தைச்சேன். தெர்மாகோல் முகமூடி, ரெக்சின் கையுறை, எல்லாம் என் கைவேலை. மேடையில இவுக கோப்பை வாங்குனதை நானே பாத்தேன்லா! சாயங்காலம் வரைக்கும் முகமூடியைக் கழத்தல, ஒரு வார்த்தை பேசல. ராட்சசன் பேசப்படாதாம்!”

சுவரில் மாட்டியிருந்த அந்தப் பரிசளிப்புப் படத்தையும் கழற்றிக் காட்டினாள்.

“போதும்மா. இதுக்கு மேல சாட்சி எதுக்கு?” என்று இன்ஸ்பெக்டர் கிளம்பினார். மணிராஜ் வாசல்வரை போய் வழியனுப்பினான்.

படத்தைத் திரும்ப மாட்டப் போனவளின் கை அப்படியே நின்றது. ராட்சசனின் வலக்கை ஐந்து விரல்களையும் மடக்கிக் கோப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

மணிராஜின் வலக்கைச் சுண்டுவிரலை ரைஸ்மில் இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டது. கையுறையில் அந்த விரலுக்கு அவள்தான் பஞ்சு திணித்துத் தைத்திருந்தாள். பஞ்சு விரல் எதையும் மடங்கிப் பிடிக்காது.

பின்னால் கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.

“ஏட்டி, அப்படி என்னத்தப் பாக்குத?” என்றான் மணிராஜ்.