கயிற்றின் கடைசி ஆள்

மோர்டன் பூங்காவில் வெயிலும் தூறலும் மாறி மாறி விழுகின்றன. ஸ்கொட்லாந்து விழாவின் பாக்பைப் குழலிசை ஈரப் புல்லின்மேல் முனகுகிறது. கயிறிழுக்க எட்டுப் பேர் வேண்டும். விழாவை நடத்தும் சங்கத்தில் மிஞ்சிய ஸ்கொட்லாந்துக்காரர் ஏழு பேர்தான். ஆள் சேராவிட்டால் இந்த வருடத்தோடு விழா அவ்வளவுதான். அதனால் தலைவர் ஹேமிஷ், பக்கத்துக் கடை ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கையோடு கூட்டிவந்து, கட்டம்போட்ட கில்ட் பாவாடையைக் கட்டிவிட்டுக் கயிற்றின் கடைசியில் நிறுத்தியிருக்கிறார். கடைக்காரருக்கு முழங்காலில் குளிர் ஏறுகிறது. வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்று பார்ப்பது அதைவிடக் கூச்சம். எதிரே தீயணைப்பு நிலையத்துத் தடியர்கள். விசில் ஊதுகிறது, கயிறு விறைக்கிறது. மூச்சைப் பிடித்து இழுக்கிற நேரத்தில் அவருடைய ஒரு கை பழக்கதோஷத்தில் கீழே போய், கில்ட்டின் விளிம்பைத் தூக்கி மடித்துக் கட்டுகிறது.

"இஞ்சேருங்கோ, அது நீங்கள் வீட்டில உடுத்திற சாரமில்லை," என்று மனைவி பாலாம்பிகை கத்துகிறார்.

"உள்ளுக்குப் போட்டிருக்கிறன், பயப்பிடாதையும்."

போட்டிருப்பது செம்பருத்திப் பூப்போட்ட அரைக்காற்சட்டை. எதிரணியின் முதல் ஆள் சிரிக்கிறான். பிறகு எட்டுப் பேரும். சிரிக்கிற கைகளில் கயிறு நிற்பதில்லை. ஹேமிஷின் அணி வென்று, சேற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கிறது. அடியிலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜாவின் குரல் மட்டும் வருகிறது.

"அடுத்த வருசமும் என்னை வரட்டாம், ஹேமிஷ் சொல்லுறார்."

பாலாம்பிகை குடையை விரிக்கிறார். "போங்கோ. ஆனா காற்சட்டையை நான் பாத்து எடுத்துத் தாறன்."