பாலம் வரைக்கும் தெரியணும்

"இன்னும் பளிச்சுனு வேணும் பாய். இது மின்மினிப்பூச்சி மாதிரி இருக்கு."

ஃபீபி டீச்சர் அந்த விளக்கையும் ஒதுக்கித் தள்ளினார். ஆம்பூர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜான் பாஷா சலிக்காமல் அடுத்த டப்பாவைப் பிரித்தார். சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கு. செல்போன் மாதிரி சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஊருக்கே புதுசு.

விளக்கு டீச்சரின் கணவர் இன்பசேகரனுக்கு. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து, டாக்டர் சொல்படி ஆட்டுக்கறியை விட்டுவிட்டு, விடியுமுன் பாலாற்றுப் பாலம் வரை சைக்கிள் மிதிக்கிறார். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. அப்படிப்பட்ட மனுஷர் இன்று கடையில், ஊசி போட இழுத்து வந்த பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு ஃபீபி இவ்ளோ வெளிச்சம்? மொதல்ல காட்டினதே போதும்."

"பேசாம இருங்க. தோல் லாரிங்க எப்படிப் பறக்குதுன்னு தெரியாதா?"

"லாரிக்காரனுக்கு அதுவே நல்லாத் தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சாப் போதுமா? நம்ம வீட்டு கேட்டுல நிக்கிற எனக்குத் தெரிய வேணாமா? பாலம் வரைக்கும் தெரியணும்."

இன்பசேகரனுக்கு வேர்த்தது. "நான் இன்னா எல்கேஜி புள்ளையா, கேட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருக்க?"

"சிவப்பு தெரிஞ்சா போய்க்கிட்டிருக்கீங்க. மறைஞ்சா திரும்பிட்டீங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியணும். அதுகூட இல்லாம தினமும் உசிரைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

ஜான் பாஷா உருகிப் போனார். "குடுத்து வச்சவர் சார் நீங்க. நான் காணாமப் போனா, என் வீட்டுல ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேடுவாங்க." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்களும் கறியை விட்டுட்டீங்களாமே டீச்சர்?"

"அவர் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி பாய் உள்ள எறங்கும்?"

இன்பசேகரன் தரையைப் பார்த்தார். கடைசியாக ஒரு முறை முயன்றார். "பின்னாடி வர்றவனுக்குக் கண்ணு கூசும் பாய்."

"கூசட்டும் சார். கூசினாத்தான் ஒதுங்குவான்."

இருப்பதிலேயே பெரிய விளக்கை எடுத்துக்கொண்டு ஜான் பாஷா தெருமுனைக்கே நடந்தார். அங்கே நின்று அதைப் போட்டார். பட்டப்பகலில், டீக்கடையில் இருந்தவர்கள் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

"இதுதான்!" என்றார் டீச்சர்.

மறுநாள் இருட்டோடு இன்பசேகரன் கிளம்பினார். விளக்கைப் போடாமலே நைசாக நழுவப் பார்த்தார்.

"ஏங்க, லைட்டு!"

போட்டார். தெருவே சிவந்தது.

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நேர் ரோடு. சிவப்புப் புள்ளி ஆடி ஆடிப் போய், கடைசியில் பாலத்தருகே நின்றது. மூச்சு வாங்குகிறது போல, பாவம். டீச்சருக்கு மனசு இளகியது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷராயிற்றே!

"ஆண்டவரே, அவரைப் பத்திரமாப் பாத்துக்கும்" என்று கண்ணை மூடி ஜெபித்தார்.

ஜெபம் முடிந்ததும் கேட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தூக்குவாளியை எடுத்து, தெருமுனையைப் பார்த்து ஆட்டினார். அங்கே காத்திருந்த சத்தார் பாய், டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெரிய குண்டானோடு வந்து நின்றார். மூடியைத் திறந்ததும் ஆட்டுக்கால் பாயா கமகமத்தது.

"எலும்போட ஊத்துங்க பாய், சீக்கிரம்! போன வாரம் டவலை மறந்துட்டுப் பாதியில திரும்பி வந்துட்டார். அவ்ளோ பாயாவும் சாக்கடையில கொட்டிட்டேன். ஒரே பேஜார். இனிமே பயமில்ல. அந்த சிவப்பு தெரியிற வரைக்கும் நிம்மதியாச் சாப்பிடலாம்."

சத்தார் பாய் வாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பாலத்தின் பக்கம் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்தது.

"எனக்கும் சௌகரியமாப் போச்சு டீச்சர். சார் வந்துட்டாரா இல்லையான்னு தெரியாம பாலத்துல போய் நின்னு நின்னு, அவருக்கு எடுத்து வச்ச பாயா தினமும் ஆறிப் போய்டும்."