ஒட்டியிருந்த இரண்டு கட்டைகள்

ஒரு டிஜிட்டல் பியானோவில் மா, பா என்று இரண்டு வெள்ளைக் கட்டைகள் அடுத்தடுத்து இருந்தன. மா அக்கா, பா தங்கை. ஒன்றை அழுத்தினால் மற்றதற்கும் சிலிர்க்கும்.

ஒரு கச்சேரியில் வாசிப்பவர் கட்டைகளை இரண்டு குரலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் பொத்தானை அழுத்தினார். மாவோடு முடிந்த இடப்பக்கத்துக்குத் தடித்த பேஸ் குரல் வந்தது. பாவில் தொடங்கிய வலப்பக்கத்துக்குப் புல்லாங்குழல் குரல் வந்தது.

"என்னடி பா, குரல் இவ்வளவு அழகா ஆயிடுச்சு!" என்று மா கரகரத்தது.

வலப்பக்கத்துக் கட்டைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"யாருன்னு தெரியலையே," என்று அவற்றிடம் சொன்னது.

கச்சேரி முடிந்தது. அவர் மறுபடி பொத்தானைத் தொட்டதும் எல்லோருக்கும் பழைய குரலே திரும்பியது.

"அக்கா!" என்று பா ஆசையாகக் கூப்பிட்டது.

மா மெதுவாக, "சொல்லுங்க," என்றது.