ஆறாவது சுபேதார்

பூதக்கண்ணாடியை மூன்றாவது முறையாகத் துடைத்தார்.

குறை கண்ணாடியில் இல்லை. படத்தில் இருந்தவர் பதக்கத்தை வலது மார்பில்தான் குத்தியிருந்தார்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சுகிர்தம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கும்போது நோயாளி பார்ப்பது போல.

அவர் சேர்ப்பது பழைய பட்டாளத்துக்காரர்களின் புகைப்படங்கள். படத்தில் இருப்பவரே தன் கையால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தொடமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் பொல்லாத மனிதர். மைத்துனன் ஆசை ஆசையாக வாங்கிவந்த கர்னல் ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முதல் உலகப் போருக்குக் கப்பலேறிய ஒரு படைப்பிரிவின் ஆறு சுபேதார்களில் ஐந்து பேர் அவர் கூடத்துச் சுவரில் இருக்கிறார்கள்.

ஆறாவது ஆள் மாசிலாமணி. பதினோரு வருடத் தேடல்.

இப்போது கையில் இருக்கும் படத்தின் கீழே 'மாசிலாமணி, சுபேதார்' என்று மையால் எழுதியிருந்தது.

"எங்க தாத்தா சார். பங்காளிங்க இல்லன்றாங்க. மாசிலாமணி பாஸ்ரா சண்டையில சாவும்போது கல்யாணமே ஆவலையாம். எங்க தாத்தா அவரு தம்பியாம், ஊரத் தாண்டாதவராம். பந்தியில வெச்சே சிரிச்சாங்க சார். நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா அடங்கிடுவாங்க."

மை பழையது. காகிதத்தில் நன்றாக ஊறியிருந்தது.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்குமோ என்று பார்த்தார். கோட்டுப் பொத்தான்கள் சரியான பக்கத்தில் இருந்தன.

உயிரோடு இருக்கும் வீரன் பதக்கத்தை இடது மார்பில் குத்துவான். செத்துப்போனவனின் பதக்கத்தை அவன் வீட்டார் அணிந்தால் வலது மார்பில். பட்டாளத்து வழக்கம் அது.

ஆக, பங்காளிகள் சொன்னதுதான் உண்மை.

இது தம்பி. சுகிர்தத்தின் அதே அகன்ற நெற்றி. அண்ணனுக்கு வீட்டில் ஒரு படம்கூட இல்லாமல் போயிருக்கும். அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் போய் நின்று, அவர் பெயரையும் எழுதிவைத்துவிட்டார்.

பதக்கத்தை இடப்பக்கம் குத்தியிருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. மனுஷன் குத்தவில்லை.

அந்தத் தம்பி மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது.

சொல்ல நினைத்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"அசல்தாம்மா."

சுகிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுப் படத்தை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"நீங்களே வெச்சிக்குங்க சார். மத்தவங்களோட மாட்டுங்க. பங்காளிங்கள கூட்டியாந்து காட்டறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பதினோரு வருடம் தேடியவன், தேடியது கைக்கு வந்ததும் வேண்டாம் என்பானா? கேட்க வேண்டியதுகூட இல்லை. புரிந்துகொள்வாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஒரு வேன் நிறையப் பங்காளிகள் வந்து இறங்கினார்கள். ஆறாவது படத்தின் முன்னால் கூட்டமாக நின்றார்கள். அவர்களில் மூத்தவர் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

சுகிர்தம் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து எல்லோருக்கும் காபி எடுத்துக் கொடுத்தாள், தன் வீடு போல.

அப்போது பெங்களூர்ப் பழம்பொருள் வியாபாரி போன் செய்தான்.

"சார், மாசிலாமணி கிடைச்சிட்டாரு! கப்பலேறதுக்கு முந்தி எடுத்த படம், அவரே கையெழுத்துப் போட்டது. இன்னொரு பார்ட்டி கேட்டுட்டே இருக்காங்க. உங்களுக்கு எடுத்து வெக்கவா?"

கூடத்தில் காபி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாசிலாமணியா? அவருதான் நம்மகிட்ட இருக்காரேப்பா."

உரக்கவே சொன்னார்.

மூத்த பங்காளி திரும்பிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

வியாபாரி ஏதோ சொல்ல வந்தான். அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லிப் போனை வைத்தார்.